பழைய காரின் பெற்றோல் பம்பு: அதன் மின்கோளாற்றை அறியும் முறை

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, இலக்கியத்திலோ வரலாற்றிலோ ஏதேனும் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். பௌதிக ஆசிரியனாய் இருந்து இளைப்பாறிய எனக்கு அவ்விரண்டிலும் சொல்லத்தக்கது சிறிதே. ஆனால் கல்லூரி ஆய்வுகூடத்தில் யாம் பயின்ற பாடமொன்றை, அறுபதாண்டு கடந்த மோட்டார்க் கார் ஒன்று எனக்கு மறுபடியும் கற்பித்த கதை ஒன்றுண்டு. அதனைச் சொல்லுகின்றேன். பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு அது கைப்பொருளை மிச்சப்படுத்தலாம். மின்னியல் பயிலும் மாணவர்களுக்கு, ஓமின் விதி பரீட்சைக்கு மாத்திரம் உரியதன்று என்பதைக் காட்டலாம்.

என்னுடைய கார் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூண்ட மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இக்கார் 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது; 1971 வரை ஆங்கில நாட்டிற் செய்யப்பட்டது; பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் தொகையை முதலில் எட்டியதும் இதுவே. இலங்கையில் இது பெற்ற செல்வாக்கை நான் சொல்ல வேண்டுவதில்லை. வைத்தியர், தபாலதிபர், தலைமையாசிரியர் என்றிவர்களை நினைக்கும்போது இந்தக் காரும் உடன் நினைவுக்கு வருதல் எம் தலைமுறையினரின் இயல்பு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேதான் தனியார் கார்கள் மீண்டும் வரத்தொடங்கின. அந்த இடைக்காலத்திற் கொட்டிலிற் கிடந்த பழைய கார்கள் பல மீண்டும் தெருவேறின. என்னுடையதும் அவற்றுள் ஒன்று.

2023ஆம் ஆண்டு மார்கழி மாதத்து மாலையொன்றிலே, அயல் வீட்டு மூதாட்டி ஒருவரை அம்பாறை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பிச் சம்மாந்துறை நோக்கிப் போகும் பாதையிலே, இருமருங்கும் வயல் விரிந்து கிடக்க, இடையே அமைந்தது மாவடிப்பள்ளி. மழை கொட்டிக்கொண்டிருந்தது. விளக்குகளும் கண்ணாடி துடைப்பானும் ஓடிக்கொண்டிருந்தன. தாம்போதியை அணுகும் வேளையிற் கார் இருமுறை விக்கிற்று, வேகம் தளர்ந்தது, பின்னர் அடங்கிற்று. மூதாட்டியின் மூச்சிரைப்பு அன்றி வேறு ஓசை காருக்குள் இல்லை. அவ்வழி வந்த முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர், எவர் என்று கேளாமலே அம்மையாரை ஏற்றிச் சென்றார். அவர் நலமாகத் திரும்பினார் என்பதை இங்கேயே கூறிவிடுகின்றேன். வாசகர் அதற்காகக் கட்டுரை முடிவு வரை காத்திருத்தல் வேண்டா.

அந்தத் தாம்போதி எத்தகையது என்பதை மறு ஆண்டிலே நாடறிந்தது. 2024 நவம்பர் வெள்ளத்தில், மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் நீரோட்டத்தில் அள்ளுண்டு, அப்பிள்ளைகளிற் பலர் உயிரிழந்தனர். பெருக்கெடுத்த நீரிலே எந்த வாகனத்தையும் இறக்குதல் தகாது. நீர் பெருகாத நாளிலும் அவ்விடத்தில் நடுவழியே நின்றுவிடும் காரை உடையவன் தன் காரின் குற்றத்தை அரைகுறையாய் அறிந்துகொண்டு போதல் நன்றன்று என்னும் எண்ணம் எனக்கு அதன்பின் வலுத்தது.

கார் நின்ற விதமே முதற் சான்று. தீப்பொறி வழங்கும் பகுதியிற் குறை நேர்ந்தால் எஞ்சின் சட்டென்று, விளக்கை அணைத்தாற்போல், நிற்கும். பெற்றோல் வராமற் போனால் அவ்வாறன்று. காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்திற் சிறிது பெற்றோல் எஞ்சியிருக்கும். அது தீருமட்டும் கார் ஓடும். தீரும் தறுவாயில் விக்கும், இளைக்கும், பின் அடங்கும். எனது கார் விக்கி நின்றது. எனவே பெற்றோலைத் தேடுவதே முறை. ஆயினும் மறுநாட் காலை அதனை இழுத்துச் சென்ற கராசில் முதலில் மாற்றப்பட்டது தீப்பொறிச் சுருள். அதன்பின் காபரேற்றர் கழற்றிக் கழுவப்பட்டது. பெற்றோற் தாங்கியும் இறக்கிக் கழுவப்பட்டது. ஈற்றிற் புதிய பம்பு ஒன்றே பூட்டப்பட்டது. என் ஓய்வூதியத்தில் ஒரு மாதப் பங்கின் பாதிக்கு மேல் அதிற் கரைந்தது. எட்டு நாள் நன்றாய் ஓடிய கார், அடுத்த மழைநாளிலே அதே வண்ணம் விக்கி நின்றது. அந்தக் கராசுக்காரரைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. காலை வெயிலில் அவர் பார்த்தபோதெல்லாம் பம்பு ஒழுங்காய்த் தட்டியதே! இல்லாத நோய்க்கு மருந்து தேடியவர் போல அவரும் இடர்ப்பட்டார்.

இனிப் பம்பின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். மொரிஸ் மைனரின் பம்பு எஸ்.யூ. என்னும் பெயருடையது. ஸ்கின்னர் யூனியன் என்னும் பெயரின் முதலெழுத்துக்களே அவை. காபரேற்றர் செய்து புகழ்பெற்ற ஸ்கின்னர் உடன்பிறந்தாரின் தொழிலகம் 1926இல் வில்லியம் மொரிஸ் கைக்கு வந்தது. அவ்வழியே இப்பம்பு மொரிஸ் கார்களுக்கு உரியதாயிற்று. ஏறக்குறைய ஒரே எஞ்சினைக் கொண்ட ஒஸ்ரின் ஏ35 காரிலே, எஞ்சினே தன் சுழற்சியால் இயக்கும் பொறிமுறைப் பம்பு உண்டு. மைனரிலோ, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட தடுப்புச் சுவரில், மின்னால் இயங்கும் பம்பு பூட்டப்பட்டுள்ளது. திறப்பைத் திருப்பியவுடன் 'டிக், டிக்' என்று கேட்கும் ஓசை அதனுடையதே. கிண்ணம் நிறைந்ததும் ஓசை அடங்கும். மைனர் ஓட்டி வளர்ந்தவர்கள் அவ்வோசையைச் செவியில் வைத்தே காரின் உடல்நிலையைச் சொல்லுவர்.

அதன் உள்ளே நிகழ்வது மின்மணியில் நிகழ்வதை ஒத்தது. இரும்புக் கிண்ணம் ஒன்றனுள் கம்பிச் சுருள். அது ஒரு மின்காந்தம். அதன் எதிரே ஒரு வட்ட இரும்பு. அவ்விரும்போடு நெகிழுந் தன்மையுள்ள மென்றகடு ஒன்று பிணைக்கப்பட்டுள்ளது. மின்னோட்டம் பாய்ந்ததும் காந்தம் இரும்பை இழுக்கும், மென்றகடு பின்னகரும், தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சப்பட்டு ஒருவழி வால்வினூடே உள்ளே வரும். இழுப்பின் முடிவில், இரும்பின் நடுவே பொருத்திய நீண்ட தண்டு, மறுமுனையிலுள்ள ஊசலாடும் பொறியைத் தட்டிக் கவிழ்க்கும். அப்பொழுது இரண்டு தங்குதன் தொடுகைகள் சட்டென்று விலகும். மின்னோட்டம் நிற்கும், காந்தம் தன் பிடியை விடும், வில் மென்றகட்டை முன்தள்ளும், பெற்றோல் மற்றொரு வால்வினூடே காபரேற்றரை நோக்கிச் செல்லும். தள்ளல் முடியும்போது பொறி மீண்டும் கவிழ்ந்து தொடுகைகளைச் சேர்க்கும். இவ்வாறு மாறிமாறி நிகழும். கிண்ணத்தின் ஊசி வால்வு மூடிக்கொண்டாற் பெற்றோல் செல்ல இடமின்மையால் மென்றகடு நடுவழியில் நின்றுவிடும். தொடுகைகள் விலகியபடியே இருக்கும். மின் செலவு இல்லை. வேண்டுமளவு கொடுத்து வேண்டாதபோது ஓயும் இந்த அமைப்பை வகுத்தவர் மிகக் கெட்டிக்காரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. இவ்வகைப் பம்பு மணிக்கு 8 கலன், அதாவது ஏறக்குறைய 36 லீற்றர், வழங்கவல்லது. நிமிடத்திற்கு அரை லீற்றருக்குச் சற்று மேல் என்று கொள்க. மைனர் எவ்வளவு வேகமாய் ஓடினும் அதற்கு இவ்வளவு வேண்டியதில்லை.

இனி, அவ்வோசையைக் கொண்டே நோயைப் பகுக்கலாம். திறப்பைத் திருப்பியதும் பம்பு மிக விரைவாகத் தட்டிக்கொண்டே இருந்து, பெற்றோல் வாராதிருந்தால், அது காற்றை உறிஞ்சுகின்றது என்பது பொருள். தாங்கி வறண்டிருக்கலாம், உறிஞ்சு குழாயில் எங்கேனும் பொருத்துத் தளர்ந்திருக்கலாம், அல்லது எஞ்சினின் சூட்டாற் பெற்றோல் ஆவியாகிக் குழாயை அடைத்திருக்கலாம். எமது கரையின் சித்திரை வெயிலில் இறுதியிற் சொன்னது அடிக்கடி நிகழும். ஈரத்துணி ஒன்றைப் பம்பின்மேல் இட்டு ஆறவிடுதல் அதற்கு மருந்து. எஞ்சின் ஓடாதபோதும் இடைவிடாது மெல்லத் தட்டிக்கொண்டிருந்தால், காபரேற்றரின் ஊசி வால்வு சரியாய் மூடவில்லை, அல்லது எங்கோ கசிகின்றது. உடனே திறப்பை அணைத்துவிட்டுக் கசிவைத் தேடுக. பம்பு வாய்திறவாமலும் தொட்டாற் சுடும் நிலையிலும் இருப்பின், தொடுகைகள் சேர்ந்தே நிற்கின்றன, மின் பாய்கின்றது, ஆனால் மென்றகட்டால் நகர முடியவில்லை. இது பெரும்பாலும் உறிஞ்சு பக்கத்தின் அடைப்பு. பம்பின் அடியிலுள்ள வலைவடியைக் கழற்றிப் பார்க்க. தாங்கி மூடியின் சிறு துளையையும் மறத்தலாகாது. அது அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் தோன்றிப் பெற்றோலைத் தடுக்கும். 2022இன் எரிபொருட் பஞ்சத்தில் வாரக்கணக்கில் ஓடாது கிடந்த கார்களில், மென்றகடு விறைத்தும் தொடுகைகள் மங்கியும் போனமை பலர் கண்டது.

பம்பு குளிர்ந்தும் மௌனமாயும் இருந்தாலே மின்கோளாற்றை ஐயுறல் வேண்டும். அப்போதும் முதலிற் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. காபரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, முனையை ஒரு போத்தலிற் செலுத்தித் திறப்பைத் திருப்புக. உடனே தட்டத் தொடங்கினால் பம்பிற் குறையில்லை. காபரேற்றரின் ஊசியே மூடியபடி ஒட்டிக்கொண்டுள்ளது. அப்போதும் மௌனமெனில் மின்னைத் தேடுக.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறாது மேலே செல்ல மனம் வரவில்லை. பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. நிலத்தோடு தவழ்ந்து செல்லும். சோதனையைத் திறந்த வெளியிற் செய்க. போத்தலை எஞ்சினுக்கு அப்பால் வைக்க. சுருட்டும் தீப்பெட்டியும் அருகே வரலாகாது. வாளி நிறைய மணல் பக்கத்தில் இருக்கட்டும். எமது ஊர்களில் மணலுக்குப் பஞ்சமில்லை. கம்பியைக் கழற்றி இரும்பிலே உரசித் தீப்பொறி பறக்கின்றதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுக. அது மின்னின் அளவைச் சொல்லாது; காரை எரித்துவிடவுங் கூடும்.

பம்பைச் சாவிக்குறட்டின் பிடியால் மெல்லத் தட்டினால் அது விழித்துக்கொள்ளும் என்பது ஓட்டுநர் அனைவரும் அறிந்த கைம்மருந்து. யானும் செய்தேன், சிலவேளை பலித்தது. ஏன் பலிக்கின்றது? மங்கிப்போன தொடுகைகள் அதிர்ச்சியாற் சற்று அசைந்து, சுத்தமான ஓரிடத்திற் சேர்கின்றன. அல்லது தளர்ந்த இணைப்பொன்று இறுகிக்கொள்கின்றது. ஆகவே தட்டினால் ஓடும் பம்பு, தன் குறை எங்கோ ஒரு தொடுகையிலேயே உள்ளது என்று வாக்குமூலம் தருகின்றது. அந்த வாக்குமூலத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவதே நம்மவர் வழக்கம். மழைநாளில் அது மீண்டும் வரும்.

இரண்டாம் முறை நின்ற காரை மாவடிப்பள்ளியைச் சேர்ந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு சென்றேன். உழவு இயந்திரங்களும் நெல்லறுக்கும் இயந்திரங்களும் சூழ்ந்த சிறு கொட்டில் அவருடையது. யான் சோதனை விளக்கொன்றைக் கையோடு கொண்டு சென்றிருந்தேன். சிறு பல்பு ஒன்றில் இரு கம்பிகளைப் பொருத்தி யானே செய்தது. பம்பின் கம்பியைக் கழற்றி அவ்விளக்கைத் தொட்டுக் காட்டி, "பாருங்கள் காக்கா, கரண்ட் நன்றாக வருகின்றது, பம்புதான் பழுது" என்றேன். அவர் சிரித்தார். "கரண்ட் வருகுதுதான் சேர், வேலை செய்யிற கரண்ட் வரல்ல" என்றார். பின்னர் மூலையிலிருந்து பழைய காரின் தலைவிளக்குப் பல்பு ஒன்றை எடுத்து, அதே கம்பியில் மாட்டினார். அது சிவந்த கரிபோல மினுங்கிற்று, ஒளிரவில்லை. அதே பல்பைப் பற்றரியில் நேரே மாட்டியபோது கண் கூசிற்று. முப்பதாண்டு ஓமின் விதி கற்பித்த யான் வாய்மூடி நின்றேன்.

இதன் காரணத்தைக் கணக்கால் விளக்குவேன். மாணவர் தாமும் செய்து பார்க்கலாம். ஜோர்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி, மின்னோட்டமானது அழுத்தத்தைத் தடையால் வகுக்க வருவது என்கின்றது. எனது சிறு பல்பு 12 உவோற்றில் 2.2 உவாற்று. அதன் தடை ஏறக்குறைய 65 ஓம். பம்பின் சுருளோ சில ஓம் மாத்திரமே உடையது. கணக்கிற்கு 3 ஓம் என்று கொள்வோம். பற்றரிக்கும் பம்பிற்கும் இடையே எங்கோ களிம்பேறிய இணைப்பொன்று 3 ஓம் தடையோடு குந்தியிருக்கின்றது என்றும் கொள்வோம். சிறு பல்பை மாட்டினால் மொத்தத் தடை 68 ஓம். பல்பிற்குக் கிடைப்பது 12 உவோற்றில் 65இன் பங்கு, அதாவது 11.5 உவோற்று. அது தங்குதடையின்றி எரியும். பம்பை மாட்டினாலோ மொத்தம் 6 ஓம். பம்பிற்குக் கிடைப்பது பாதி, 6 உவோற்று. காந்தத்தின் இழுப்பு வில்லின் வலிமையை வெல்லாது. தலைவிளக்குப் பல்பு 36 உவாற்று. முழு ஒளியில் அதன் தடை 4 ஓம். அது பம்பைப் போலவே பசியுடையது. ஆதலாற் பம்பின் பசி தீருமா என்பதை அதுவே உண்மையாய்ச் சொல்லும். நுண்ணிய உவோற்றுமானியும் கம்பியைக் கழற்றி வைத்து அளந்தால் இதே பொய்யைத்தான் கூறும். ஏனெனில் அது மின்னை ஏறக்குறைய உண்பதே இல்லை. உண்ணாதவனைக் கொண்டு சோற்றுப்பானையை அளக்கலாகாது.

மழைநாளில் மாத்திரம் ஏன் நின்றது என்பதும் இக்கணக்கால் விளங்கும். வெயில் நாளில், பற்றரி நிறைந்து 12.6 உவோற்று, இணைப்பின் தடை 1 ஓம் என்றால் பம்பிற்கு 9.45 உவோற்று கிடைக்கும். பம்பு தட்டும். மழைமாலையில் விளக்குகளும் துடைப்பானும் மின்னை உண்ண, மெல்லச் சுழலும் பழைய டைனமோ அதற்கு ஈடுகொடுக்க மாட்டாமல், அழுத்தம் 11.4 உவோற்றுக்கு இறங்குகின்றது. குலுக்கத்தால் இணைப்பின் தடை 3 ஓமாய் ஏறுகின்றது. பம்பிற்கு எஞ்சுவது 5.7 உவோற்று. மறுநாள் கராசில் வெயில், துடைப்பான் இல்லை, விளக்கு இல்லை, பம்பு நல்ல பிள்ளையாய்த் தட்டுகின்றது. புதிய பம்பு எட்டு நாள் ஓடியதும் மழை பெய்யாமையாலேயே அன்றித் தன் சிறப்பால் அன்று.

ஆகவே அளத்தல் வேண்டுவது கம்பி மாட்டியிருக்கும்போதே. மைனர் கார்கள் இறுதிவரை நேர்முனை புவித்தொடுப்பு உடையனவாய் வந்தன. அஃதாவது பற்றரியின் கூட்டல் முனை காரின் உடலோடு இணைந்தது. ஆதலின் உவோற்றுமானியின் சிவப்புக் கம்பி உடலுக்கு, கறுப்புக் கம்பி பம்பின் முனைக்கு. வானொலி பூட்டுவதற்காகவோ பிறிதொன்றிற்காகவோ எவரேனும் இதனை மாற்றியிருத்தலும் உண்டு. முதலிற் பற்றரியைப் பார்த்துக்கொள்க. தொடுகை கொண்ட பழைய பம்பு எம்முனைக்கும் இணங்கும். டயோட் பொருத்திய பிற்காலப் பம்புகளும், தொடுகையின்றி மின்னணுவால் இயங்குவனவும் இணங்கா. முனை தவறினாற் பழுதாகும்.

மௌனமான பம்பின் முனையில், கம்பி மாட்டியபடியே, ஒன்றும் இல்லை என்று மானி காட்டினால், வழங்கும் வழி எங்கோ அறுந்துள்ளது. திறப்புச் சுவிற்சிலிருந்து வரும் கம்பி லூக்காஸ் நிறவழக்கின்படி வெண்ணிறமானது. வெண்ணிறக் கம்பி பியூசைக் கடவாதது. ஆதலாற் பியூசை மாற்றிப் பயனில்லை. சுவிற்சிலிருந்து கம்பியைத் தொடர்ந்து வருக. முழு 12 உவோற்றும் காட்டிப் பம்பு அசையாதிருந்தால் மின் பாயவில்லை என்பது தெளிவு. பாய்ந்திருந்தால் ஏதேனும் குறைந்திருக்கும். அப்போது பம்பின் உடலுக்கும் பற்றரியின் புவிமுனைக்கும் இடையே அளக்க. அங்கும் 12 உவோற்று இருந்தாற் புவித்தொடுப்பு அறுந்தது. அங்கு ஒன்றும் இல்லையெனில் தொடுகைகள் சேரவில்லை, அல்லது சுருள் அறுந்தது. பம்பின் முனையில் நான்கோ ஐந்தோ ஆறோ உவோற்று மாத்திரம் நின்றால், மின் பாய்கின்றது, ஆனால் வழியிலேயே தின்னப்படுகின்றது. எனது காரிற் கண்டது இதுவே.

தின்னும் இடத்தைப் பிடிப்பது எப்படி? ஒவ்வோர் இணைப்பின் இருபுறத்தும் மானியின் இரு முனைகளையும் வைத்து அளத்தலே வழி. நல்ல இணைப்பில் மின் பாயும்போதும் மானி ஏறக்குறைய அசையாது. பம்பை மாட்டித் திறப்பைத் திருப்பி வைத்து, சுவிற்சின் வாயில், அதன் வெளியில், கம்பியின் இடைமுடிச்சுகளில் என்று வந்தோம். தடுப்புச் சுவரின் பின்னால், கறுப்பு நாடா சுற்றிய ஓரிடத்தில், மானி சடுதியாக 5 உவோற்றுக்கு மேல் ஏறிற்று. நாடாவை உரித்தோம். எந்தக் காலத்திலோ எவரோ கம்பியை அறுத்து, மற்றொரு துண்டைச் சேர்த்து, விரலால் முறுக்கி விட்டிருந்தார். ஈயம் பற்றவைக்கவில்லை. கடற்காற்றும் மழையீரமும் நாடாவினுள் புகுந்து, செப்பு இழைகள் பச்சைப் பொடியாய் உதிர்ந்தன. மூன்றோ நான்கோ இழைகளே பற்றிக்கொண்டிருந்தன. காக்கா அதனை உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினார். எனது தீப்பொறிச் சுருள், காபரேற்றர் கழுவல், தாங்கி கழுவல், புதிய பம்பு யாவும் அந்தப் பொடிக்காகவே செலவாயின.

பழுது பார்த்தது அரைமணி வேலை. பற்றரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, தகுந்த பருமனுள்ள புதிய கம்பி முழுநீளத்திற்கும் இடப்பட்டது; முனைகள் ஈயம் பற்றவைக்கப்பட்டன; வசிலீன் பூசி இறப்பர்க் குழல் இடப்பட்டது. அவர் அதனோடு விட்டாரல்லர். பம்பின் உடலிலிருந்து காரின் உடலுக்குத் தனியே ஒரு புவிக்கம்பி பூட்டினார். நான் கேளாமற் செய்த இவ்வேலையின் காரணம் பின்னர் விளங்கிற்று. பம்பைத் தாங்கும் தகடும் அது பொருந்தும் இடமும் அழகுக்காகப் பலமுறை வர்ணம் பூசப்பட்டவை. உலோகக் குழாய்களுக்குப் பதிலாக இறப்பர்க் குழாய்களை இட்டவர்களும் உண்டு. வர்ணமும் இறப்பரும் மின்னைக் கடத்தா. மின் வருகின்ற வழியையே எல்லாரும் தேடுகின்றோம். அது திரும்பிப் போகும் வழியும் அதே அளவு வேண்டும் என்பதை மறக்கின்றோம். பம்பு தட்டும்போது உடலுக்கும் பற்றரியின் புவிமுனைக்கும் இடையே அரை உவோற்றுக்கு மேல் காட்டினால் அங்கும் களிம்பு உண்டென்று கொள்க.

தொடுகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பின் முனையிலுள்ள கறுப்பு மூடியைக் கழற்றினால் அவை தோன்றும். சுத்தமான தடித்த கடதாசித் துண்டை இடையே செலுத்தி, விரலால் மெல்ல அழுத்தி இழுத்தாற் கறை நீங்கும். அரத்தால் அராவுதல் கூடாது. குழிந்து கருகிவிட்டனவாயின் புதியன இடுதலே சரி. மூடியைச் சுற்றியுள்ள பொருத்தை நாடாவால் அடைத்துவிட்டால் ஈரம் புகாது. காற்றுத்துளை இருப்பின் அதனை மாத்திரம் விட்டுவிடுக. அதற்கு அப்பாலுள்ள பொறியைக் கழற்றப் பழகாதவர் கழற்றாதிருத்தல் நன்று. இரும்பை நடுவில் நிறுத்தும் பதினொரு சிறு பித்தளை உருளைகள் உள்ளே உண்டு. அவை மணலில் விழுந்தால் அன்றைய பொழுது தேடுதலிற் கழியும். எனக்கு ஒருமுறை கழிந்தது.

இக்காலத்து யப்பானியக் கார்களிலே பம்பு பெற்றோற் தாங்கிக்குள்ளேயே மூழ்கியிருக்கின்றது. 'டிக்' ஒலி இல்லை. பலவற்றில் திறப்பைத் திருப்பியதும் இரண்டொரு விநாடி மெல்லிய முரலொலி மாத்திரம் கேட்கும். இடையே ரிலே ஒன்றும் கணினி ஒன்றும் உண்டு. பம்பு உண்ணும் மின்னும் மைனரினதிலும் அதிகம். ஆயினும் பசியோடு அளக்கும் முறை அங்கும் இதுவே. ரிலேயின் காலொன்றிற் களிம்பேறினால் அங்கும் மானி பொய் சொல்லும். தாங்கிக்குள் கைவைக்க வேண்டிய நிலை வந்தால் மாத்திரம் தேர்ந்தவரிடம் விட்டுவிடுக.

நான் இங்கே சில இடங்களில் மின்காந்தம், மென்றகடு, தொடுகை என்றும், சில இடங்களிற் பற்றரி, பம்பு, சுவிற்ச் என்றும் கலந்து எழுதியமை பண்டித நண்பர்களுக்குப் பிடியாதிருக்கலாம். இத்தாம்போதிக்குச் சில கல் தொலைவிலுள்ள காரைதீவிலே 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானமும் கற்றுத் தமிழும் கற்றுக் கலைச்சொல்லாக்கப் பணியிலே முன்னின்றவர். அவர் நாட்டில் வாழும் நாம் தமிழ்ச் சொல்லை நாடுதல் கடமையே. ஆனால் காக்காவின் கொட்டிலிற் போய் 'மின்கலவடுக்கு' என்றால், அவர் என்னை இன்னும் ஒருமுறை சிரித்துப் பார்ப்பார். கராசில் வழங்கும் சொல்லைக் கராசிலும், வகுப்பறையில் வழங்கும் சொல்லை வகுப்பறையிலும் வைத்தேன்.

காருக்குப் பூட்டிய புதிய பம்பைக் கழற்றிவிட்டுப் பழையதையே மீண்டும் பூட்டச் சொன்னேன். அது இன்றும் தட்டுகின்றது. புதியது எண்ணெய்த் துணியிற் சுற்றிய நிலையில், காரின் பின்பெட்டியில், அந்தத் தலைவிளக்குப் பல்போடு கிடக்கின்றது. பல்பைக் காக்கா காசு வாங்காமற் தந்தார். அதிற் கம்பிகளைப் பற்றவைத்துத் தந்தபோது, மழைக்கு முன்னர் ஒருமுறை மாட்டிப் பார்க்கும்படி சொன்னார். ஐப்பசி பிறந்ததும் அவ்வாறே செய்து வருகின்றேன்.